மாற்று அச்சும் மாற்று ஆளும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்பவர்கள், மதுராந்தகம் தாண்டியதும் 'அச்சிறுபாக்கம்' என்ற ஊர்ப்பலகையைக் கண்டிருப்பீர்கள். அச்சு இறு பாக்கம். தேரின் அச்சு முறிந்த ஊர். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் இங்கே தேரச்சு முறிந்தது என்கிறது தலபுராணம். சம்பந்தர் பாடிய தலம். இறைவனின் தேரில் மாற்று அச்சு ஒன்று இருந்திருந்தால் தமிழுக்கு ஓர் ஊர்ப்பெயர் குறைந்திருக்கும்.

மனிதர்கள் அந்த வகையில் முன்னெச்சரிக்கை உடையவர்கள். புறநானூற்றின் 102ஆம் பாடலில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் ஓர் உப்பு வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. பாரமோ மிகுதி. வழியில் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். இளவரசனை அந்த அச்சுக்கு ஒப்பிட்டது ஔவையின் துணிச்சல்.

இதை வகுப்பில் நடத்தியபோது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து சொன்னார்: "ஐயா, எங்கப்பா லாரியில ஸ்டெப்னி ரெண்டு இருக்கு. மாத்து டிரைவர்தான் இல்லை." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது.

ஸ்டெப்னி என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904இல் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, கப்பலேறி நம் பட்டறைகளில் தங்கிவிட்டது. அச்சுக்கு மாற்று, சக்கரத்துக்கு மாற்று. ஓட்டுகிறவனுக்கு?

சங்க காலத்தில் அந்தக் கேள்வியே எழுந்திராது. பெரும்பாணாற்றுப்படையின் உமணர் கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிவருகிறாள். ஆடவர் பக்கத்தில் நடந்து காவல் வருகிறார்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவர். நம் தாத்தாக்கள் காலத்துப் பாரவண்டியிலும் வண்டிக்காரர் கண்ணயர்ந்தால் மாடுகள் பழகிய தடத்தில் நடந்துகொண்டிருக்கும். நடந்து சுமந்தவருக்கோ சுமைதாங்கிக் கல்லும் சத்திரமும் இருந்தன. இயந்திரம் வந்ததும், வண்டியில் விழித்திருக்கக்கூடிய உயிர் ஒன்றே ஒன்று என்றாகிவிட்டது.

சட்டம் இதை அறியாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பிட்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு தரச் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்போரே மிகுந்த ஒரு தொழிலில் இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அது இப்போது அடங்கிவிட்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விதி. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90ஆவது. தேசிய அனுமதி பெற்ற லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மாற்று ஓட்டுநர் உடலை நீட்டிப் படுத்துறங்க வண்டியின் முழு அகலத்துக்கு ஓர் இருக்கை வேண்டும் என்றது அது. சட்ட நூலில் இவ்வளவு பரிவான ஒரு வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நடைமுறையில் அந்த இடம் பெரும்பாலும் உரிமம் இல்லாத கிளீனர் பையனுக்கோ போர்வை மூட்டைக்கோ போயிற்று என்பது வேறு. 2018 ஜூலையில் லாரியின் அச்சு தாங்கலாம் எனச் சட்டம் அனுமதித்த பாரம் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், இரண்டு ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. பாரம் மிகுதி, வழி அறியாதது. ஔவை சொன்ன சூழல் அப்படியே இருக்கிறது. மாற்றை மட்டும் அவிழ்த்துவிட்டோம். ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுபடியாகவில்லை என்று உரிமையாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஆள் கிடைக்காததால் உறக்கம் வராமல் போய்விடாது.

1997இல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் சட்டம் பொறுப்பது 30 மில்லிகிராம். மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. உறக்கத்துக்கு எதை ஊதச் சொல்வது? பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து வரை உடல் தானாகவே தளரும். இமை மூடியது மூடியவருக்கே தெரியாத நான்கு விநாடியில், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஏறத்தாழ 67 மீட்டர் கடந்துவிடும். தேநீரும் முகங்கழுவலும் சிறிது நேரம் தாங்கும். உறக்கத்துக்கு மருந்து உறக்கமே. கால்மணி நேரத் துயில்கூடப் பயன் தரும். ஆனால் அதற்கு வண்டியை எங்கே நிறுத்துவது? பகலில் நகருக்குள் அனுமதி இல்லாததால் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் சாலையோரமாகவே காத்துக்கிடக்கும் லாரிகளை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த வெயிலில், அந்தத் தகரக் கூண்டில், யாருக்கு உறக்கம் வரும்? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருப்பது நல்ல செய்தி. பழைய வண்டிகள் பழையபடிதான்.

மறுநாள் அந்த மாணவரை அழைத்து, அப்பா எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். சங்ககிரியிலிருந்து சரக்கேற்றி வரும் இரவுகளில் அம்மா இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்துகொள்வாராம். திண்டிவனம் தாண்டும்வரை கைபேசியில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாராம். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் அன்றைய சமையலைச் சொல்வாராம்.

"அப்பா பதில் சொல்றது நின்னா, அம்மா கத்துவாங்க ஐயா. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அது பழகிடுச்சு."