தினைப்புனத்தில் ஒரு போராட்டம்

1876இல் ஆங்கிலேய அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. தனக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்ய அது தந்த அதிகாரம் பெரிது. ஆனால் முருகன் கதையை எப்படித் தடுப்பது?

சிவகாசியில் பிறந்த நடிகர் விஸ்வநாததாஸ் அந்த இடுக்கில்தான் போராடினார். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் கட்டம் உண்டு. அங்கே அவர் வெள்ளைக் கொக்கைப் பாட்டால் விரட்டுவார். கொக்கு யாரென்று தரை டிக்கெட் ரசிகருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்.

பலமுறை சிறை சென்றார். மீண்டும் மீண்டும் மேடையேறினார்.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு பின்னாளில் நினைவு இல்லமாக்கியது.