கழுத்து முள்ளந்தண்டு: ஸ்கான் எப்போது தேவை?

விபத்தில் சிக்கியவர் "கழுத்து நோகவில்லை" என்று சொல்வது மட்டும் போதாது. முறிந்த காலின் கடும் வலி கழுத்து வலியை மறைத்துவிடலாம்.

அமெரிக்காவின் 21 மருத்துவ நிலையங்களில் 34,069 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான 'நெக்சஸ்' விதி ஐந்து விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பிடரியின் நடுவில் அழுத்தினால் நோவு, கை கால்களில் விறைப்பு அல்லது பலவீனம், தெளிவற்ற நினைவு, போதை, கவனத்தைத் திருப்பும் வேறு பெருங்காயம். ஒன்றேனும் இருந்தால் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கான் எடுக்க வேண்டும். ஐந்தும் இல்லையென்றால் தேவையில்லை. கழுத்தெலும்பு பாதிக்கப்பட்ட 818 பேரில் 8 பேரை மட்டுமே இவ்விதி தவறவிட்டது. 2001இல் வந்த கனேடிய விதியோ 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் படம் அவசியம் என்கிறது.

தீர்மானிப்பவர் வைத்தியர். அதுவரை விழுந்தவரைத் தூக்கி இருத்தாமல், கழுத்தைத் திருப்பாமல், தலையை அசையாது பிடித்திருப்பது நம் கையில்.