விலை ஏறிய நாளில் சொன்ன ஸ்தோத்திரம்

தியானப் பகுதி: லூக்கா 6:20-26, 13:1-5



"கர்த்தர் எங்களை ஆசீர்வதித்தார்" என்று நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? வீடு கட்டி முடித்தபோதா, பிள்ளைக்கு வேலை கிடைத்தபோதா, ஏலக்காய்க்கு நல்ல விலை வந்தபோதா? அப்படிச் சொல்வது தவறன்று. நன்மை எதுவாயினும் அதைத் தந்தவருக்கு நன்றி கூறுவது விசுவாசியின் கடமை. ஆயினும் அந்தச் சொல்லை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை, நம் மலைச்சரிவின் வரலாற்றைக் கொண்டே இந்த வாரம் தியானிப்போம்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையுச்சியில் டாப் ஸ்டேஷன் என்ற இடம் இருப்பதை அறிவீர்கள். அது ஒரு காலத்தில் உண்மையாகவே இரயில் நிலையமாக இருந்தது. மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908-இல் அது நீராவி இரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியாகத் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டக்குடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கும், பின்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்றன. கீழிருந்து அரிசியும் பிற பண்டங்களும் அதே கம்பிவடத்தில் மேலே ஏறின.

அந்நாட்களில் அம்மலையைப் பார்த்தவர்கள் அதை ஆசீர்வதிக்கப்பட்ட பூமி என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த இரயில் பாதையை முற்றிலும் அழித்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. நான்கே ஆண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. மலையிலிருந்தவர்கள் சபிக்கப்பட்டார்கள் என்றும், கீழே இருந்தவர்கள் ஆசீர்வதிக்கப்பட்டார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாமா? சீலோவாமின் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று நம் ஆண்டவர் தெளிவாகக் கூறினார். மழையும் தண்டவாளமும் தேவனுடைய தயவை அளக்கும் தராசு ஆக மாட்டா.

நமக்கு நினைவிருக்கும் காலத்துக்கு வருவோம். 2018 ஆகஸ்டில் பெய்த பேய்மழையில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் பல அழிந்தன. செடிகள் அழுகின, மண் சரிந்தது. காய் வரத்துக் குறைந்ததால் விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கைகள் பெருகின. நானும் பீடத்தில் நின்று, "கர்த்தர் நம் வியாபாரத்தை ஆசீர்வதித்தார்" என்று உரக்க ஜெபித்தேன்.

அன்று பின்வரிசையில் ஒரு தாயார் அமர்ந்திருந்தார். விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு வளைவுகளில் ஏறிச் சென்று காய் எடுப்பவர். ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, தோட்டம் அழிந்துபோனதால் எனக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. என்னைக் கர்த்தர் ஆசீர்வதிக்கவில்லையா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். ஒருவருடைய தோட்டம் அழிந்ததால் மற்றொருவருடைய கையிருப்புக்கு வந்த விலையை, ஆராயாமல் தேவனுடைய ஆசீர்வாதம் என்று பெயரிட்டிருந்தேன். சில ஆண்டுகளில் அதே காய் ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. அப்போது தேவன் நம்மைக் கைவிட்டார் என்று யாரும் பீடத்தில் அறிக்கையிடவில்லை.

பிரியமானவர்களே, "பாக்கியவான்கள்" என்று நம் வேதாகமம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல், பழைய கிரேக்க வழக்கில் கவலையற்ற தேவர்களுக்கும் செல்வந்தர்களுக்கும் உரியதாக இருந்தது. அந்தச் சொல்லை எடுத்து ஏழைகள்மேலும் துயரப்படுகிறவர்கள்மேலும் வைத்தவர் இயேசு. வறுமை நல்லது என்று அவர் போதிக்கவில்லை. பிடித்து வைக்கப்பட்ட கூலி தேவனை நோக்கிக் கூப்பிடுகிறது என்றே யாக்கோபு எழுதினார். உலகம் கைவிட்டவர்களின் பக்கத்தில் தேவன் நிற்கிறார் என்பதே இயேசு அறிவித்த நற்செய்தி. ஆபிரகாமை ஆசீர்வதித்தபோதும், பூமியின் வம்சங்களெல்லாம் அவன்மூலமாக நன்மை பெறவேண்டும் என்பதே தேவனுடைய நோக்கமாயிருந்தது. ஒருவனிடம் வந்து அவனிடமே தங்கிவிடுவது இலாபமாக இருக்கலாம். வேதம் கூறும் ஆசீர்வாதம் அதுவன்று.

கொட்டக்குடிக் கம்பிவடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய தேயிலைக்கு அது எவ்வளவு தேவையோ, மலைமேல் பசித்திருந்தவர்களுக்கு ஏறிய அரிசிக்கும் அவ்வளவு தேவையாயிருந்தது. நம் கைக்கு வந்த நன்மையும் அப்படியே மறுபக்கம் ஏறட்டும்.

இந்த வாரம் ஸ்தோத்திர காணிக்கை கொண்டுவரும்முன், உங்கள் தோட்டத்திலோ கடையிலோ வீட்டிலோ உழைக்கிறவருக்குக் கொடுக்கவேண்டியது ஏதேனும் பாக்கி உண்டா என்று பாருங்கள். உண்டானால் அதை முதலில் கொடுங்கள். அந்தத் தாயாருக்கு அன்று நான் சொல்லத் தவறிய பதிலை, சபையாக நாம் செய்து காட்டுவோம்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் விலைப்பட்டியலை உமது தயவின் அளவாக எண்ணிய எங்களை மன்னியும். எங்கள் நன்மையால் எங்கள் அயலார் வாழும்படி எங்களை நடத்தும். ஆமென்.