மேல்வரைப்பற்று

மேல்வரைப்பற்று என்பது, பாங்கில் கணக்கு வைத்திருப்பவர், தம் கணக்கில் உள்ள தொகை தீர்ந்த பின்னரும், முன்கூட்டிச் செய்துகொண்ட ஏற்பாட்டின் பேரிலோ, ஏற்பாடு இல்லாவிடத்துப் பாங்கின் இசைவின் பேரிலோ, மேற்கொண்டு பணம் எடுக்க இடமளிக்கும் கடன் முறையாகும். வணிகர் வழக்கில் இது ஓ.டி. எனப்படும். பத்திரம் எழுதி மொத்தமாக வாங்கும் கடனினின்று இது வேறுபடும் இடம் வட்டியிலேயே உள்ளது; அனுமதித்த வரம்பு எவ்வளவாயினும், எடுத்த தொகைக்கு, அது நிலுவையில் நின்ற நாட்களுக்கு மட்டுமே வட்டி ஏறும்.

இம்முறையின் பிறப்பிடம் ஸ்காட்லாந்து. அந்நாட்டின் பழைய பாங்காகிய பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1695இல் தோன்றியது. அதற்குப் போட்டியாக, 1727இல் அரச சாஸனம் பெற்று எழுந்தது ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. மறு ஆண்டு எடின்பரோ நகரத்து வணிகரான வில்லியம் ஹாக் என்பவர், சரக்குக்குத் தாம் பணம் கொடுக்க வேண்டிய நாள் முந்தியும், தமக்கு வரவேண்டிய பணம் வந்து சேரும் நாள் பிந்தியும் இருந்த சங்கடத்தினின்று மீள, தம் கணக்கில் உள்ளதற்கு மேல் 1,000 பவுன் வரை எடுத்துக்கொள்ளப் புதிய பாங்கின் அனுமதி பெற்றார். உலகின் முதல் மேல்வரைப்பற்று இதுவே. அக்காலத்தில் ஆயிரம் பவுன் என்பது பெருஞ்செல்வம்; அதனை ஒருவரது நாணயத்தை நம்பித் திறந்துவைத்தது அந்தப் பாங்கின் துணிவுக்குச் சான்று. தன் நோட்டுகள் மக்களிடையே புழங்க வேண்டும் என்ற சுயநலமும் பாங்குக்கு இருந்ததெனினும், அதனால் இச்செயலின் சிறப்புக் குறைந்துவிடாது.

காசுக் கணக்கு என வழங்கிய இந்த ஏற்பாடு விரைவில் ஸ்காட்லாந்தின் பிற பாங்குகளுக்கும் பரவிற்று. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் வாணிப நிலுவை பற்றிய தம் கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டினார். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இதனை விரிவாகவே ஆராய்ந்தார்: நாணயமும் நிலபுலமும் உள்ள இருவர் ஜாமீன் நிற்க வேண்டும், கடனைச் சிறுசிறு தொகைகளாகவும் திருப்பலாம், திடீரென வரும் கோரிக்கைகளுக்காக லண்டன் வணிகர் பெட்டியில் சும்மா வைத்திருக்க நேரும் பணத்தை, எடின்பரோ வணிகர் சரக்கில் முடக்கி, அதிக வாணிபம் செய்யலாம். திருப்பிச் செலுத்துதல் ஒழுங்காக நடைபெறுகிறதா என்பதைப் பாங்குகள் கூர்ந்து நோக்கிவந்தன. அந்தக் கண்காணிப்பைக் கைவிட்டுத் தாராளமாகக் கடன் வழங்கிய அயர் பாங்கு, 1769இல் தொடங்கி, 1772ஆம் ஆண்டு நெருக்கடியில் நொடித்தது.

இந்தியப் பாங்குகளில் சரக்கின் ஈட்டின் பேரில் வழங்கும் ரொக்கக் கடன் இந்த மரபின் கிளையே. அங்கீகரித்தது, அங்கீகரிக்காதது எனவும், ஈடுள்ளது, ஈடற்றது எனவும் மேல்வரைப்பற்றைப் பகுப்பர்.

வணிகருக்கு அனுகூலமாகப் பிறந்த இம்முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாதச் சம்பளத்தைக் காசோலைக் கணக்கில் வாங்கிச் செலவிடும் சாமானியக் குடும்பங்களிடையே, வட்டி என்னும் உருவை இழந்து, அபராதக் கட்டணமாகிவிட்டது. குறைந்த தொகையில் ஓர் உணவு வாங்கினாலும், கணக்கில் பணம் போதாவிடில் 35 டாலர் வரை கழிக்கும் வழக்கம் அங்கே பல பாங்குகளில் நிலைத்தது. இதனினும் கொடியது பற்றெழுதும் வரிசை. கணக்கில் 100 டாலர் உள்ள ஒருவர் ஒரே நாளில் முறையே 10, 15, 20, 90 டாலர் செலவிட்டால், நடந்த வரிசைப்படி எழுதும்போது கடைசிச் செலவுக்கு மட்டும் கட்டணம் விழும். பெரிய தொகையிலிருந்து சிறியதற்கு இறங்குவரிசையில் எழுதினாலோ ஏனைய மூன்றுக்கும் விழுந்து, 35 டாலர் 105 டாலராகும். வெல்ஸ் ஃபார்கோ பாங்கு இவ்வாறு எழுதியதற்காக, வாடிக்கையாளருக்கு 203 மில்லியன் டாலர் திருப்பித் தர வேண்டுமெனக் கலிபோர்னியாவில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. இத்தகைய வரிசை நியாயத்துக்கு முற்றிலும் மாறானது.

அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஏ.டி.எம். வழி எடுப்புக்கும் டெபிட் கார்டு வழி ஒருமுறைச் செலவுக்கும், வாடிக்கையாளர் முன்னரே சம்மதம் அளித்திருந்தாலன்றி இக்கட்டணம் வசூலிக்கலாகாது. சம்மதம் அளியாதவரின் கார்டு பணம் போதாதபோது மறுக்கப்படும், அத்துடன் சரி. காசோலைகளும் தானியங்கிச் செலுத்துகைகளும் இவ்விதியில் அடங்கா. ஆகையால் கணக்கு வைத்திருப்போர் ஏட்டு இருப்பையும் எடுக்கத்தகு இருப்பையும் ஒன்றெனக் கொள்ளாதிருத்தல் அவசியம்: தங்கும் விடுதி தன் பில்லுக்காக முன்னதாகப் பிடித்துவைக்கும் தொகையும், இன்னும் வசூலாகாத காசோலையும் எடுக்கத்தகு இருப்பைக் குறைக்கும், கொடுத்த காசோலை பாங்குக்கு வந்து சேராதவரை ஏட்டு இருப்பு பெரிதாகவே தோன்றும். கொடுத்த நாளிலேயே காசோலையைப் பதிவேட்டில் கழித்து எழுதுவதும், சேமிப்புக் கணக்கை இணைத்துவைப்பதும் பழகிய பாதுகாப்புகள்.

பிரிட்டனில் 2020 முதல் நிலையான கட்டணம் தடைசெய்யப்பட்டு வட்டி மட்டுமே வசூலாகிறது. அமெரிக்காவில் பெரிய பாங்குகளின் கட்டணத்தை 5 டாலராகக் குறைக்க 2024 டிசம்பரில் இயற்றப்பட்ட விதியைக் காங்கிரஸ் 2025இல் ரத்துசெய்தது; எனினும் சில பாங்குகள் தாமாகவே கட்டணத்தைக் கைவிட்டுள்ளன.