டிரெய்லர் லாரிகளில் டயர்களின் சுமை வரம்பும் தேய்மானமும்

டிரெய்லர் லாரியில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஆர்.சி. புத்தகம் ஒரு விதமாகச் சொல்லும், டயரின் பக்கச்சுவர் வேறு விதமாகச் சொல்லும். 2018 ஜூலையில் இந்திய அரசு ஆக்சில் சுமை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இழுவை லாரியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை 49 டன்னிலிருந்து 55 டன்னுக்கு ஏறியது. ஓடிக்கொண்டிருந்த டயர்களின் வரம்பு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

பக்கச்சுவரில் 146/143 என்று பொறித்திருந்தால், அந்த டயர் தனியாக 3,000 கிலோவும் ஜோடியாக மாட்டினால் 2,725 கிலோவும் தாங்கும். நான்குக்கும் சேர்த்து 10,900 கிலோ. பழைய வரம்புக்கு இது தாராளம். புதியதற்கு 600 கிலோ குறைகிறது. 149/146 டயர் என்றால் 12,000 கிலோ கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் உரிய காற்றழுத்தத்தில்தான் செல்லும். ஜோடியில் ஒன்றுக்குக் காற்று இறங்கினால் பாரம் மற்றதன் மேல் விழுகிறது. உள் டயரைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது ஓட்டுநர்களின் வழக்கம். முழுக்கக் காற்று போன டயரை அது காட்டிக்கொடுக்கும், பாதி குறைந்ததைக் காட்டாது. அழுத்தமானியே நம்பகமானது.

மொத்த எடை சரியாக இருந்தாலும் சுமை வைத்த இடம் தவறலாம். உருக்குச் சுருள் போன்ற கனமான சரக்கு தளத்தின் முன்பக்கம் நெருங்கிவிட்டால், டிரெய்லரை இணைக்கும் கிங்பின் வழியாக இழுவை லாரியின் பின் டயர்கள் மிதமிஞ்சிய பாரம் சுமக்கும். எடைமேடையில் முழு வண்டியையும் ஒரே தடவை ஏற்றி நிறுத்தும்போது இது தெரியாது.

டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முக்கியக் காரணம் திருப்பங்கள். மூன்று ஆக்சில் டிரெய்லரில் அவை ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் வளைவில் எல்லாம் சீராக உருள முடியாது. முதலும் கடைசியும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. கிடங்கு முற்றத்தில் முழுச் சுமையோடு வண்டியை ஒடித்துத் திருப்பும்போது தார் மேல் விழும் கருப்புக் கோடுகள் இதனால்தான். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் பெரும்பாலும் சக்கர ஒழுங்கு கெட்டிருக்கும். சட்டப்படி டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது.

ஆழம் மிச்சமிருந்தாலும், அதிகச் சுமையில் சூடேறி ஓடிய டயரின் உள் அடுக்குகள் பிரியத் தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட டயர் ரீட்ரேடிங்குக்கு உதவாது.