ஒரு மகிழுந்து, இரு வெப்பநிலைகள்: ஜொகூர்ச் சூழலில் இருமண்டலக் குளிரூட்டலின் வரலாறு

1. ஆய்வுப் பொருள்

மகிழுந்தின் முன் இருக்கைகளில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் தத்தமக்கு வேண்டிய வெப்பநிலையைத் தனித்தனியே அமைத்துக்கொள்ள இடமளிக்கும் ஏற்பாடு இருமண்டலத் தட்பவெப்பக் கட்டுப்பாடு எனப்படுகிறது. விற்பனைக் கையேடுகள் இதனைக் குளிர்சாதன வசதியின் உயர்படியாகக் காட்டினாலும், இதன் பொறியியல் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், இது குளிர்நாட்டு மகிழுந்துகளின் சூடேற்றியிலிருந்து கிளைத்து வளர்ந்தது என்பது புலனாகும். சூடேற்றிக்கு வேலையே இல்லை என்று கருதப்பட்ட ஜொகூர் போன்ற நிலநடுக்கோட்டு வட்டாரத்தில், அதே சூடேற்றியை நம்பி இயங்கும் ஓர் ஏற்பாடு எவ்வாறு வந்து சேர்ந்தது, அதற்கு முன்பே இவ்வட்டாரம் மகிழுந்தின் உட்பரப்பை எவ்வாறு பகுத்துக் குளிர்வித்தது ஆகிய இரண்டு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வெயில், ஈரம், திசை

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 அல்லது 32 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதால், இங்கே குளிர்சாதனம் பருவகால வசதியாக இல்லாமல் அன்றாடத் தேவையாகவே இருந்து வருகிறது. இருப்பினும் குளிர்சாதனத்தின் மீது விழும் சுமையில் பெரும்பங்கு வெப்பத்தைவிட ஈரத்தாலேயே உண்டாகிறது. 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட ஒரு கிலோகிராம் வெளிக்காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை 5 பாகைக்குக் குளிர்வித்தால் அதில் 5 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீராவியே தங்க, எஞ்சியது நீராகப் பிரிந்து வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. இவ்வாறு நீராவியை நீராக்குவதற்கு மட்டுமே குளிரூட்டும் ஆற்றலில் ஐந்தில் மூன்று பங்கு செலவாகிறது என்பது வெப்பவியல் கணக்கு. உட்காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிடும் முறை இவ்வட்டாரத்தில் பெரிதும் விரும்பப்படுவதற்குக் காரணமும் இதுவே; ஒருமுறை ஈரம் நீக்கப்பட்ட காற்றை மறுபடியும் குளிர்விப்பது எளிது.

இரண்டாவது காரணி வெயில் விழும் திசை. மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஜொகூர் பாருவிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வழியே காலையில் கோலாலம்பூரை நோக்கிச் செல்லும்போது வெயில் ஓட்டுநர் பக்கத்தில் விழுகிறது. பிற்பகலில் அதே திசையில் சென்றால் பக்கத்து இருக்கைப் பயணியின் மீது விழுகிறது. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்–சிங்கப்பூர் கோஸ்வேயின் நிலை இன்னும் தனித்தன்மை வாய்ந்தது. அது பெரும்பாலும் தெற்கு வடக்காக அமைந்திருப்பதால், விடிந்தபின் தெற்கே சிங்கப்பூருக்குச் சென்று மாலையில் வடக்கே திரும்பும் வண்டியில் இரு வேளையும் இடப்பக்கமே வெயில் படுகிறது. ஓட்டுநர் நிழலில் இருக்க, அவருக்கு அருகில் அமர்ந்தவர் வெயிலை வாங்கிக்கொள்கிறார். ஆகவே இருபக்கத்துக்கும் ஒரே வெப்பநிலை போதாது என்ற தேவை, தனிமனித விருப்பத்துக்கு அப்பால், இவ்வட்டாரத்தின் நில அமைப்பிலேயே வேரூன்றியிருக்கிறது. கண்ணாடிக்குக் கருநிறத் தாள் ஒட்டுவதற்கான விதிகளும் இங்கே கருதத்தக்கவை. 2019 மே மாதம் தளர்த்தப்பட்ட விதிகளின்படி பின்புறக் கண்ணாடிகளை முழுக் கருமையாக்க இசைவு இருந்தாலும், முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடும் முன்கண்ணாடி 70 விழுக்காடும் ஒளியை உள்ளே விட்டாக வேண்டும். வெயிலின் சுமை முன் இருக்கைகளில் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. குளிர் மட்டுமே தந்த கருவிகள்

தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தப்பட்ட மகிழுந்தை 1939-இன் இறுதியில் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. காற்றைக் குளிர்விக்கும் சுருள் பின்புறச் சாமான் பெட்டியில் இருந்தது. அமுக்கியை, அதாவது கம்ப்ரசரை, இயந்திரத்திலிருந்து பிரித்துவிடும் கிளட்ச் இல்லாததால், குளிர் வேண்டாதபோது வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. வெப்பநிலையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லாத இக்கருவி குளிரைத் தந்ததேயன்றி அதனை அளவிட்டுத் தரவில்லை. 1954-இல் நேஷ் நிறுவனம் சூடேற்றியையும் குளிரூட்டியையும் வண்டியின் முன்பகுதியில் ஒரே அமைப்பாக ஒன்றிணைத்தது. 1964-ஆம் ஆண்டு கேடிலாக் வண்டிகளில் வந்த ஏற்பாடு, பயணி குறித்த வெப்பநிலையைத் தானாகவே நிலைநிறுத்தியது. வெப்பத்தையும் குளிரையும் கலந்து வேண்டிய அளவைப் பெறலாம் என்ற கருத்து இந்த இரண்டு படிகளில்தான் உருப்பெற்றது. பின்னாளைய இருமண்டல ஏற்பாட்டுக்கு அடித்தளமும் அதுவே.

இவ்வளர்ச்சி மலாயாவுக்கு அதே வரிசையில் வந்து சேரவில்லை. 1960-களின் பிற்பகுதியில் மலேசிய அரசு உள்நாட்டிலேயே மகிழுந்துகளைப் பொருத்தும் தொழிலை ஊக்குவித்தபோது, ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயிலும் அத்தகைய ஆலை ஒன்று எழுந்தது. உறுப்புகளாகப் பிரிந்து வந்து இங்கே பொருத்தப்பட்ட வண்டிகளின் மூல வடிவமைப்பு குளிர்நாடுகளுக்கு உரியது. அவற்றில் சூடேற்றிக்கு இடம் இருந்தது, குளிரூட்டிக்குப் பெரும்பாலும் இல்லை. அதனால் முகவர்களும் பட்டறைகளும் முகப்புப் பலகைக்கு அடியில் தனிப்பெட்டியாகத் தொங்கும் குளிரூட்டிகளைப் பொருத்தின. பட்டறைப் பேச்சில் கூலிங் காயில் எனப்படும் ஆவியாக்கியும் புளோவர் எனப்படும் காற்றூதியும் அப்பெட்டிக்குள் இருக்கும்; வெப்பநிலைத் திருகு அமுக்கியை ஓடவிடுவது, நிறுத்துவது என்ற இரண்டு வேலைகளை மட்டுமே செய்யும். பின்னாளில் குளிரூட்டி முகப்புப் பலகைக்குள்ளேயே இடம்பெற்றபோதும், மலேசியச் சந்தைக்கான சிறிய மகிழுந்துகள் பலவற்றில் செலவைக் குறைக்கும் பொருட்டுச் சூடேற்றிச் சுருள் நீக்கப்பட்டது. குளிர்நாட்டில் ஒன்றிணைந்த இரு கருவிகள் வெப்பநாட்டில் மீண்டும் பிரிந்து, ஒன்று கைவிடப்பட்டது என இக்கட்டத்தைச் சுருக்கிச் சொல்லலாம்.

4. இடம்–வலம்: சூடேற்றியில் தோன்றிய பிரிவினை

ஓட்டுநருக்கும் பக்கத்துப் பயணிக்கும் வெவ்வேறு வெப்பநிலை என்ற எண்ணம் ஐரோப்பாவில் சூடேற்றியைச் சார்ந்தே வளர்ந்தது. 1976-இல் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 123 வரிசையில் இடப்பக்கச் சூட்டுக்கு ஒன்று, வலப்பக்கச் சூட்டுக்கு ஒன்று என இரு நெம்புகோல்கள் இருந்தன. 1986-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 வரிசையிலும் 1991-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 140 வரிசையிலும் இப்பிரிவினை குளிரூட்டியோடும் மின்னணுக் கட்டுப்பாட்டோடும் இணைந்து, இன்று அறியப்படும் வடிவத்தை எட்டியது.

இதனை நடைமுறைப்படுத்த இரு வழிகள் பின்பற்றப்பட்டன. முதலாவது நீர்வழிக் கட்டுப்பாடு: சூடேற்றிச் சுருளை இரண்டு பாதிகளாக வகுத்து, இயந்திரத்திலிருந்து வரும் வெந்நீரின் அளவை ஒவ்வொரு பாதிக்கும் ஒரு மின்வால்வு வழியே கூட்டிக் குறைப்பது. அக்காலப் பிஎம்டபிள்யூ வண்டிகள் இவ்வழியைப் பின்பற்றின. இரண்டாவது காற்றுவழிக் கட்டுப்பாடு: வெந்நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க, அச்சுருளின் வழியே எவ்வளவு காற்று செல்ல வேண்டும், எவ்வளவு அதனைத் தவிர்த்துச் செல்ல வேண்டும் என்பதைக் கலப்புக் கதவுகள் எனப்படும் சிறு தடுப்புகள் முடிவு செய்வது. நீரின் வெப்பம் மாற நேரமாகும், காற்றின் பாதையோ நொடியில் மாறும். கட்டுப்பாடு விரைவாக அமைவதால் இவ்விரண்டாவது வழியே பரவலாக நிலைபெற்றது. மலேசியச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கோர்ட் போன்ற வண்டிகளின் இருமண்டல ஏற்பாடும் காற்றுவழியைச் சேர்ந்ததே.

5. இன்றைய ஏற்பாடு இயங்கும் முறை

முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ள பெட்டியில் முதலில் காற்றூதியும், அடுத்து ஆவியாக்கியும், அதன்பின் சூடேற்றிச் சுருளும் அமைந்திருக்கும். காற்று முழுவதும் முதலில் ஒரே ஆவியாக்கியின் வழியே சென்று குளிர்ந்து, ஈரத்தை இழக்கிறது. அதற்குப் பின்னரே பெட்டியின் நடுவே செல்லும் தடுப்புச் சுவர் அதனை இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் உள்ள கலப்புக் கதவைச் சிறு மின்னோடி ஒன்று திருப்பி, குளிர்ந்த காற்றின் ஒரு பகுதியைச் சூடேற்றியின் வழியே அனுப்பி, மற்றதோடு கலக்கச் செய்கிறது. உள்வெப்பம், வெளிவெப்பம், ஆவியாக்கியின் வெப்பம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளோடு, முன்கண்ணாடியின் அடியில் பதிக்கப்பட்ட வெயில் உணரியும் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தகவல் தருகிறது. இருமண்டல வண்டிகள் பலவற்றில் இவ்வுணரி இடம், வலம் என இரு கூறுகளைக் கொண்டது. ஆதலால் கோஸ்வேயில் நிற்கும் வண்டியில், இருவரும் 23 பாகை என்றே குறித்திருந்தாலும், வெயில் படும் இடப்பக்கத்துக்குக் கணினியால் கூடுதல் குளிர்க்காற்றை அனுப்ப முடிகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. ஜொகூரின் சூழலில் இருமண்டல ஏற்பாடு ஒரு பக்கத்துக்கெனத் தனியே கூடுதல் குளிரை உண்டாக்குவதில்லை. இரு பக்கத்துக்கும் பொதுவாகக் குளிர்ந்த காற்றில் ஒரு பக்கத்துப் பங்கை மறுபடியும் சூடாக்குகிறது. ஓட்டுநர் 25 பாகையும் பயணி 19 பாகையும் கேட்டால், ஆவியாக்கி பயணியின் தேவைக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஓட்டுநருக்குச் செல்லும் காற்றில் அவ்வாறு உண்டாக்கிய குளிரின் ஒரு பகுதி வெந்நீரால் அழிக்கப்படுகிறது. வெந்நீர் இயந்திரத்தின் கழிவு வெப்பமாதலால் அதற்குத் தனிச்செலவு இல்லை. ஆனால் அழிக்கப்பட்ட குளிருக்கு அமுக்கி எரிபொருளைச் செலவிட்டிருக்கிறது. 1985-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹாரிசன் பிரிவு கொண்டுவந்த, தேவைக்கேற்பக் கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் அமுக்கியும் அதன் வழித்தோன்றல்களும் இவ்விழப்பைக் குறைத்தன. ஆவியாக்கியை எப்போதும் உறைநிலையை ஒட்டி வைக்காமல், குளிர் மிகுதியாக வேண்டும் பக்கத்துக்குப் போதுமான அளவில் நிறுத்த அவை வழிசெய்தன. இருவரும் குறிக்கும் வெப்பநிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு கூடக்கூட விரயமும் கூடும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. மேலும், உட்பரப்பு ஒரே காற்றுவெளியாக இருப்பதால் இரு பக்கக் காற்றும் விரைவில் கலந்துவிடுகிறது. திரையில் காணும் வேறுபாடு உடலில் முழுமையாக உணரப்படுவதில்லை.

சூடேற்றி இவ்வட்டாரத்தில் முற்றிலும் வீண் என்று முடிவு கட்டவும் இயலாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தா திங்கி, மெர்சிங் வழித்தடங்களில் கனமழை பெய்கையில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையை ஒட்டி நிற்கும். குளிர்க்காற்றால் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்துவிட்டால் வெளிப்புறத்தில் மூட்டம் படரும். குளிரை நிறுத்திவிட்டால் பயணிகளின் மூச்சு ஈரத்தால் உட்புறத்தில் மூட்டம் படரும். ஈரம் நீக்கிய காற்றைச் சற்றே சூடாக்கி அனுப்புவதால் இரண்டும் ஒருசேரத் தவிர்க்கப்படுகின்றன. சூடேற்றி நீக்கப்பட்ட வண்டிகளுக்கு இவ்வழி அடைபட்டது.

6. முன்–பின்: வெப்பநாட்டின் வழி

இடம்–வலப் பிரிவினை விலையுயர்ந்த வண்டிகளில் தங்கியிருந்த காலத்திலேயே, தென்கிழக்காசியாவில் வேறொரு பிரிவினை சாதாரணக் குடும்பங்களை எட்டியிருந்தது. மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட பல்பயன் வண்டிகளில் முன்புற ஆவியாக்கியின் குளிர் கடைசி வரிசையை எட்டாததால், பின்பகுதிக்கென இரண்டாவது ஆவியாக்கியும் காற்றூதியும் பொருத்தப்பட்டன. 2009-இல் வெளிவந்த புரோட்டோன் எக்சோரா வண்டியின் கூரையில் அமைந்த காற்றுவாய்கள் இவ்வகைக்கு உள்நாட்டு எடுத்துக்காட்டு. இதில் குளிர்பொருள் இரு கிளைகளாகப் பிரிந்து, தனித்தனி விரிவு வால்வுகளின் வழியே இரு ஆவியாக்கிகளுக்குச் செல்கிறது; பின் வரிசையினர் காற்றின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்வர்.

வெப்பவியல் நோக்கில் இவ்விரண்டு பிரிவினைகளும் எதிரெதிரானவை. இடம்–வல ஏற்பாடு ஒரே குளிரை உண்டாக்கி, அதன் ஒரு பகுதியைச் சூட்டால் ஈடுசெய்கிறது. முன்–பின் ஏற்பாடு குளிரையே இரண்டாகப் பங்கிடுகிறது. அதற்குச் சூடேற்றி தேவையில்லை. எனினும் கலப்பு இல்லாமையால் முன்–பின் ஏற்பாட்டால் நுட்பமான வெப்பநிலையைத் தர இயலாது, கூடுதலான குளிரையோ குறைவான குளிரையோ மட்டுமே தர இயலும்.

7. மின்வாகனமும் காற்றோட்டப் பகுப்பும்

2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்வாகனமான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டதோடு, மலேசியாவின் தேசிய மகிழுந்துத் துறையும் மின்வாகனக் கட்டத்துக்குள் நுழைந்தது. இக்கட்டத்தில் இருமண்டல ஏற்பாட்டின் பழைய பொருளாதாரம் உடைகிறது. மின்வாகனத்தில் இயந்திரத்தின் வெந்நீர் இல்லை. குளிர்ந்த காற்றை மறுபடியும் சூடாக்க மின்தடைச் சூடேற்றியையோ, குளிர்பொருள் வெளியேற்றும் வெப்பத்தைத் திருப்பித் தரும் வெப்ப ஏற்றியையோ நாட வேண்டும். மின்தடைச் சூடேற்றி பயன்பட்டால் குளிருக்கும் அக்குளிரை அழிக்கும் சூட்டுக்கும் ஒரே மின்கலமே இருமுறை செலவு செய்கிறது.

ஆளில்லாத இருக்கைக்குக் காற்றையே அனுப்பாமல் விடும் ஏற்பாடுகள் இதனாலேயே கவனம் பெறுகின்றன. டொயோட்டாவின் எஸ்-ஃபுளோ முறை எந்த இருக்கையில் ஆள் இருக்கிறார் என்பதை அறிந்து காற்றை அங்கே குவிக்கிறது. ஹூண்டாய், கியா வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் காற்று வரச்செய்யும் பொத்தான் மின்வாகனங்களுக்கும் கலப்பின வாகனங்களுக்கும் ஏற்றதாக அறிமுகமானது. இவற்றில் மண்டலம் என்பது வெப்பநிலையால் வரையறுக்கப்படுவதில்லை. காற்று செல்லும் இடத்தாலும் அதன் அளவாலும் வரையறுக்கப்படுகிறது.

8. முடிவு

இருமண்டலக் குளிரூட்டலின் வரலாறு ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க மரபு வெப்பத்தையும் குளிரையும் கலந்து நுட்பமான அளவைப் பெற்றது. ஜொகூர் உள்ளிட்ட வெப்பநாட்டு மரபு சூடேற்றியைத் துறந்து, குளிரை அளவாலும் இடத்தாலும் பங்கிட்டது. வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் தாக்கும் வெயிலுக்கும் மழைக்கால மூட்டத்துக்கும் முதல் மரபு விடை தருகிறது. மிகுந்த ஈரம் காரணமாகக் குளிர் விலை கூடிய பொருளாக இருக்கும் நிலைக்கு இரண்டாம் மரபு விடை தருகிறது. மின்வாகனம் வெந்நீரின் இலவசத்தை நீக்கிவிட்டதால், பின்னடைவாகக் கருதப்பட்ட இரண்டாம் மரபின் அடிப்படைக் கருத்து, உணரிகளின் துணையோடு, பொது வடிவமைப்புக்குள் திரும்பி வந்திருக்கிறது. இவ்வட்டாரத்துக்கான வண்டியில் எத்தனை மண்டலங்கள் உள்ளன என்ற கணக்கைவிட, எவ்வளவு குறைந்த மறுசூடாக்கலோடு அவை பிரிக்கப்படுகின்றன என்பதே அதன் தகுதியை அளக்க ஏற்ற அளவுகோல்.