முத்துக்குளித்துறையில் பல் நலமும் பல் மருத்துவமும்

முத்துக்குளித்துறை என்பது மன்னார் வளைகுடாவை ஒட்டி வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய ஊர்களைத் தொடுத்துச் செல்லும் கடற்கரைப் பகுதியாகும். பற்சொத்தை, ஈறு நோய், வாய்ப்புண் ஆகியவை உலகில் எங்கும் காணப்படுபவை. ஆயினும் இந்தக் கரையிலும் அதன் உள்நாட்டுக் கரிசல் ஊர்களிலும் தொழில், குடிநீர், மெல்லும் பழக்கம் ஆகிய மூன்றும் அந்நோய்களுக்குத் தனிப்போக்கைத் தந்திருக்கின்றன. ஆகவே இப்பகுதியில் பல் மருத்துவரிடம் செல்பவர், எந்தப் பல் வலிக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், தாம் என்ன தொழில் செய்கிறார், எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மறந்தால் மருத்துவர் கேட்டறிய வேண்டும்.

பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் என்னும் கடினப் படலமும், அதற்குள் டென்டைன் என்னும் நுண்குழாய்கள் நிறைந்த அடுக்கும், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழும் உள்ளன. எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் எனினும், அதில் உயிரணுக்கள் இல்லாமையால் உடைந்த இடம் மீண்டும் வளர்வதில்லை. பல்லில் ஒட்டிய மாவுப்பொருளையும் சர்க்கரையையும் பாக்டீரியா அமிலமாக மாற்ற, அந்த அமிலம் எனாமலின் தாதுக்களைக் கரைப்பதால் சொத்தை உண்டாகிறது. சொத்தை எனாமலுக்குள் இருக்கும்வரை வலிப்பதில்லை. டென்டைனைத் தொட்டதும் கூச்சம் தோன்றி, பற்கூழை நெருங்கியதும் இரவில் தூங்கவிடாத வலியாகிறது. ஆகவே வலி வந்த பிறகே மருத்துவரைத் தேடிச் செல்பவர், எளிதாக அடைத்துவிடக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டவர் ஆகிறார்.

இக்கரைக்கே உரிய பல் சிக்கல் கடலடியில் தொடங்குகிறது. பழைய கொற்கைத் துறைமுகத்தின் காலத்திலிருந்து புகழ்பெற்ற முத்துக்குளிப்பு, இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு பெருமளவில் நின்றுபோயிற்று. ஆனால் சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது. முற்காலத்தில் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கயிற்றின் துணையோடு இறங்கியவர்களின் வழித்தோன்றல்களுள் பலர் இப்போது படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை வாயால் பற்றிச் சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் கடலடியில் சங்கு தேடுகின்றனர். முறை மாறினாலும் நீரின் அழுத்தம் மாறவில்லை. கடல்மட்டத்தில் 1 வளிமண்டல அழுத்தம் எனில், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ இன்னும் 1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது 10 மீட்டர் ஆழத்தில் அது இருமடங்காகி, அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்குகிறது.

நலமான பல்லில் அடைபட்ட காற்று கிடையாது. ஆகவே அழுத்தம் அதைப் பாதிப்பதில்லை. சொத்தைக் குழியிலும், விளிம்பில் கசிவு ஏற்பட்ட பழைய அடைப்பின் அடியிலும், பாதியில் நிறுத்திய வேர்ச் சிகிச்சைப் பல்லிலும் சிறு காற்றிடம் இருக்கும். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது காற்று அவ்விடத்துக்குள் மெல்லப் புகுந்துவிடுகிறது; மேலே ஏறும்போது அது விரிவடைகிறது, வெளியேற வழியில்லை. அதனால் குத்தும் வலி எழுவதும், சில சமயம் அடைப்பு தெறித்து விழுவதும், பலவீனமான பல்லே பிளந்துபோவதும் உண்டு. அழுத்த மாற்றத்தால் எழும் இந்த வலி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயரத்தில் பறந்த விமானிகளிடம் விரிவாகப் பதிவு செய்யப்பட்டது. கடலுக்குள் இறங்குவோரிடமும் இதே வலி உண்டு.

வலி எப்போது வருகிறது என்பதே நோயறிவதற்கு முதன்மையான தடயம். மேலே ஏறும்போது வலித்தால் பற்கூழ் உயிரோடு இருந்து அழற்சியுற்றிருக்கும் வாய்ப்பு மிகுதி. கீழே இறங்கும்போது மந்தமாக வலித்தால் பற்கூழ் ஏற்கெனவே இறந்துபோயிருக்கக்கூடும். இரு நிலைகளிலும் கடுமையாக வலித்துக் கரைக்கு வந்த பின்பும் நீடித்தால் வேர் நுனியில் சீழோ கட்டியோ இருக்கக்கூடும். சளி பிடித்திருக்கும்போது இறங்குபவருக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒருசேர வலிப்பது பல்லின் குற்றமாக இராமல், அப்பற்களின் வேர்களை ஒட்டியுள்ள சைனஸ் எனப்படும் முகக் காற்றறை அடைபட்டதன் விளைவாக இருக்கலாம். இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் 'பல் வலிக்கிறது' என்று மட்டும் கூறினால், குறையில்லாத ஒரு பல்லை இழக்கவும் நேரிடும்.

சங்கு குளிப்பவர் சிகிச்சைக்குப் பின் எப்போது மீண்டும் இறங்கலாம் என்பதையும் கேட்டறிய வேண்டும். மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுச் சொத்தையை அடைத்த பின் குறைந்தது 24 மணி நேரமும், பல் பிடுங்கிய பின்போ ஈற்றில் அறுவை செய்த பின்போ குறைந்தது 7 நாளும் கடலுக்குள் இறங்காதிருப்பது பொதுவான அறிவுரை; மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது சைனஸ் அறை திறந்துவிட்டால் அது முற்றும் மூடியதென மருத்துவர் சொல்லும்வரை பல வாரங்கள்கூடக் காத்திருக்க நேரும். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவருக்கு இது எளிதான காத்திருப்பு அல்ல. எனவே குளிப்புப் பருவம் தொடங்குவதற்கு முன்பே பல்லைக் காட்டி, தேவையான எக்ஸ்ரே எடுத்து, பழைய அடைப்புகளைச் சோதித்துக்கொள்வதே அவருக்கு இழப்பில்லாத வழி. வேர்ச் சிகிச்சை தொடங்கியவர், தற்காலிக அடைப்போடு இறங்காமல், அதை முடித்துக்கொண்ட பின்னரே இறங்க வேண்டும். கழற்றி மாட்டும் பல் செட் அணிந்தவர் இறங்குவதற்கு முன் அதைக் கழற்றி வைக்காவிட்டால், அது தளர்ந்து தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. குழாயின் முனையை மணிக்கணக்கில் கடித்துக்கொண்டிருப்பதால் காதுக்கு முன்புள்ள தாடை மூட்டில் உண்டாகும் வலியையும் பலர் பல்வலி என்றே கருதிவிடுகின்றனர்.

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் மாலுமிக்கும், பழைய துறையிலிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கேற்றிச் செல்லும் தோணிக்காரருக்கும் வேறொரு இக்கட்டு உண்டு: கடலில் பல் மருத்துவர் இல்லை. கப்பல் பணியாளருக்குச் சட்டப்படி உடற்தகுதிச் சான்று தேவை. ஆயினும் அச்சான்றுக்கான சோதனையில் வாயைப் பார்ப்பதும் முழுமையான பல் பரிசோதனையும் ஒன்றல்ல. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே பல்லைக் காட்டுவது நன்று. புறப்படும் நாளுக்கு முந்தின நாள் ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொள்வது தவறு.

கடலை விட்டு உள்நாட்டுக்குள் செல்லும்போது சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் தாமிரபரணிப் பாசனப் பகுதி நீங்கலாக, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் முதலிய வறண்ட வட்டாரங்களில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மேல் இருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஃப்ளோரைடு என்பது பாறைகளிலுள்ள சில தாதுக்களிலிருந்து நீரில் கரையும் உப்புப்பொருள். சிறிதளவில் அது எனாமலை அமிலத்திலிருந்து காக்கிறது, மிகையானால் கெடுக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராம். வெயில் மிகுந்த ஊரில் ஒருவர் குடிக்கும் தண்ணீரின் அளவு கூடுவதால், அதே செறிவுள்ள நீரிலிருந்தும் உடலில் சேரும் ஃப்ளோரைடு கூடிவிடுகிறது.

இந்நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களின் நிலைப்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்கோடுகளும், பின்னர் மஞ்சளும் பழுப்புமான கறைகளும் தோன்றுகின்றன. கடுமையான நிலையில் எனாமலில் குழிகள் விழுகின்றன. இது பற்புளோரோசிஸ் எனப்படும். இதன் வரலாறு தமிழகத்துக்கு அயலானதல்ல: நீரின் ஃப்ளோரைடால் எலும்பே பாதிக்கப்படுவதை 1937இல் ஷார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய உடன்பணியாளரும் அப்போதைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறிந்து வெளியிட்டனர். பற்புளோரோசிஸ் பற்றி நோயாளிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று மிக முக்கியமானது. பல் ஈற்றுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் ஏறத்தாழ 8 வயதுக்குள்தான் இக்கறை விதைக்கப்படுகிறது. முன்பற்களைப் பொறுத்தவரை முதல் சில ஆண்டுகளே மிகவும் ஆபத்தானவை. வளர்ந்தவர் அந்நீரைக் குடிப்பதால் அவருடைய பல்லில் புதிதாகக் கறை படிவதில்லை. இக்கறை அழுக்கு அன்று; கரித்தூளோ உப்போ கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, எனாமல்தான் தேயும். 'பல்லைத் துலக்காத பிள்ளை' என்று பள்ளியில் பட்டம் சூட்டப்படும் சிறுவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் உணர்ந்தால் அதுவே பாதி மருத்துவம்.

கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு நீங்குவதில்லை. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சிறிது கூடவும் செய்யும். ஆர்.ஓ. எனப்படும் சவ்வூடு வடிகட்டலும், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையும் அதைக் குறைப்பவை. ஆற்றுநீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியே கொண்டுவருவது இவற்றினும் நிலையான தீர்வு. ஏற்கெனவே தோன்றிய கறையை மேற்பரப்பை மெல்லச் சுரண்டி எடுத்தல், வெளுத்தல், பல் நிறப் பூச்சு, பல்முகப்பின்மேல் மெல்லிய தகடு ஒட்டுதல் என்று கறையின் கடுமைக்கேற்ப மருத்துவர் சரிசெய்ய முடியும். இத்தகைய ஊர்ப் பிள்ளைகளின் பற்பசையில் ஃப்ளோரைடு வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பொதுவாக 3 வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவும் பசை போதும், அதையும் விழுங்காமல் துப்பக் கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் மெல்லும் பழக்கத்தில் இருக்கிறது. இப்பகுதியின் ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பயிர். வாய்க்குத் தீங்கு அந்த இலையிலிருந்து அன்றி, அதோடு சேரும் பாக்கிலிருந்தும் புகையிலையிலிருந்தும் வருகிறது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. கன்னத்தின் உட்புறம் நாளடைவில் விறைத்து வெளிறி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே போவதும், காரம் படும்போது எரிவதும் பாக்கு மெல்வோரிடம் காணப்படும் முன்னறிகுறிகள். 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்படலம், சிவந்த திட்டு, காரணமின்றி ஆடும் பல் ஆகியவற்றில் எதுவானாலும், வலி இல்லாவிடினும், உடனே காட்ட வேண்டும். சுமை தூக்குவோரும் லாரி ஓட்டுவோரும் களைப்பை மறக்க வாயில் அடக்கும் புகையிலை, அடக்கிய அதே இடத்தில்தான் பெரும்பாலும் புண்ணாகிறது. ஆகவே எந்தப் பக்கம் அடக்குவது என்பதையும் மருத்துவரிடம் சொல்வது பயனுள்ளது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் உடன்குடிக் கருப்பட்டியையும் உண்ணாதிருக்கச் சொல்வது தேவையற்றது. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பதே சொத்தைக்குக் காரணம். உணவோடு சேர்த்துத் தின்று வாய் கொப்பளித்தால் கேடு குறைவு, நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சப்பினால் அதிகம்.

முதல் சந்திப்பில் மருத்துவர் வாயைச் சோதித்து, தேவையெனில் எக்ஸ்ரே எடுப்பார்; சொத்தை வேர் வரை சென்றதா, எலும்பு தேய்ந்ததா என்பவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. நோயாளி சொல்ல வேண்டியவற்றுள் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய வால்வுக் குறை, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகியவை தலையானவை. இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர் பல் பிடுங்குவதற்காக அதைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஊறாகலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருந்து கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். வலிக்கும் பல்லின்மேல் புகையிலையையோ ஆஸ்பிரின் மாத்திரையையோ வைத்துவிட்டு வருபவருக்கு வலியோடு ஈறும் வெந்து போயிருக்கும்.

பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தக்கட்டியே அக்குழியின் காப்பு. வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருக்க வேண்டும். அன்று முழுதும் துப்பவோ, உறிஞ்சு குழாயில் குடிக்கவோ, புகைக்கவோ, வாய் கொப்பளிக்கவோ கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மென்மையாகக் கொப்பளிக்கலாம். மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதிலாகக் காது வரை பரவினால் இரத்தக்கட்டி கலைந்து குழி வறண்டுபோயிருக்கலாம். அது மருந்து வைத்துக் குணமாக்கக்கூடியது.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தின்கீழ், பட்டம் பெற்று மாநிலப் பதிவேட்டில் பெயர் பதிந்தோரே இத்தொழிலைச் செய்து வந்தனர். அச்சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. பதிவெண்ணைக் கேட்பது நோயாளியின் உரிமை. பக்கத்துப் பற்களோடு கம்பியாலும் பசையாலும் செயற்கைப் பல்லைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடும் தெருவோரத்தாரிடம் செல்பவர், மலிவாகப் பெற்ற ஒரு பல்லுக்காக அதன் இருபுறமும் உள்ள பற்களின் ஈற்றை இழக்கிறார். தனியார் மருத்துவமனையில் வேர்ச் சிகிச்சைக்கு முன்பே எத்தனை முறை வரவேண்டும், மேலே போடும் கேப் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு என்பதை எழுதி வாங்கிக்கொள்வது முறை. பணம் இடையில் தீர்ந்து பாதியில் நிறுத்திய பல் பெரும்பாலும் பிடுங்குவதில்தான் முடிகிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவு, செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுவோருக்கு உரிய இடம். பல்வலியோடு தாடையின் அடிப்பகுதி வீங்கி, காய்ச்சலும் விழுங்குவதில் தடையும், நாக்கு மேலே எழும்பியதுபோன்ற உணர்வும் தோன்றினால், மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்து இருப்பதால், மறுநாள் பல் மருத்துவர் வரும்வரை காத்திராமல் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராகச் செல்ல வேண்டும்.